மண்டியிட நான்கு நொடி

அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டையில் கையை விட்டுக் குடலை உருவிவிடுவான், நாற்பது வருஷம் துண்டறிக்கை எழுதியதில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். ஒன்று, எழுபத்தொன்றில் என்னை மில்லில் பதிலியாக எடுத்து, மூன்று வருஷம் தினம் காலை ஐந்தரைக்கு கேட்டில் நிற்கவைத்து, இன்றைக்கு வேலை உண்டு இன்றைக்கு இல்லை என்று விரலால் காட்டினார்கள், வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை. இரண்டு, எழுபத்தைந்தில் சட்டையில் சிவப்புப் பட்டை குத்தி வந்ததற்காக நூற்புப் பிரிவிலிருந்து தூக்கிக் கழிவுப் பஞ்சுக் கிடங்கில் போட்டார்கள். மூன்று, எழுபத்தேழில் எங்கள் சங்கத் தலைவரே எங்களுக்குத் தெரியாமல் முதலாளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் தின்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நான்கு, எழுபத்தொன்பது ஆகஸ்டில் மில் வாசலில் போலீஸ் லத்தி என் வலது கட்டைவிரலை உடைத்தது, அது இன்றைக்கும் மடங்காது, இதோ இந்த கன்ட்ரோலரின் பொத்தானை அழுத்தும்போதும் மரக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஐந்து, அதே போராட்டத்தில் கைதான பதினொரு பேரில் ஒருவனான ஆறுக்குட்டி சிறையில் செத்தான். ஆறு, எண்பதில் மிச்சமிருந்த பத்துப் பேரையும் ஒரே தாளில் வேலைநீக்கம் செய்தார்கள், பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி போடக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஏழு, போன தை மாதம், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று இந்த அடுக்குமாடிச் சங்கம் ஒட்டிய நோட்டீஸுக்குப் பக்கத்தில் நான் ஒரு நோட்டீஸ் ஒட்டியதற்காக, என் மருமகன் ஹரிஹரன் டி.வி.யோடு ஒரு கருப்பு வீடியோ கேம் பெட்டியை மாட்டி, “மாமா, இதுல ராஜா இருக்கான், ஜமீன் இருக்கான், பாதிரி இருக்கான், எத்தனை பேரை வேணும்னாலும் எதிர்த்துக்குங்க, எங்க செக்ரட்டரியை மட்டும் விட்டுருங்க” என்று இதை என் கையில் திணித்தான். எழுபத்து நான்கு வயசில் எனக்குப் பொம்மை.

ஐந்தாவதில் வந்து சிக்கிக்கொள்கிறது. மற்ற ஆறையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தேதியோடு சொல்வேன். ஐந்தாவதை மட்டும் நான் சொல்வதில்லை, எனக்குள் ஓர் ஒலிபெருக்கி சொல்கிறது. கடைசி மூச்சுவரை மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட மறுத்த மாவீரன் ஆறுக்குட்டி. அந்த வரியை எழுதியவன் நான். நாற்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு நினைவு நாளிலும் யாராவது அதை மைக்கில் சொல்கிறார்கள், யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை, அவ்வளவு நன்றாக எழுதிவிட்டேன். இப்போது மணி ஒன்றே கால். நான்கு மணிக்கு ஆறுக்குட்டியின் மகள் சாந்தாமணி வருகிறாள். போன செவ்வாய்க்கிழமை போன் செய்தாள். “மாமாங், நான் சாந்தாமணி பேசறனுங். அப்பனுக்கு நினைவுத் தூண் வெக்கறாங்கல்ல, நான்தான் திரையை விலக்கோணும்னு பொங்கியண்ணன் மாமா சொல்றாருங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்.” கேள் சாமி என்றேன். “போன்ல வேண்டாங்க. இல்ல, இப்பவே சொல்லிப்போடறேன், நீங்க யோசிச்சு வைங்க. கையெழுத்துப் போட்டிருந்தா உசுரோட வந்திருப்பாருன்னு எங்கம்மா சாகறமுட்டும் சொல்லுச்சு. எனக்கு அப்ப மூணு வயசுங்க. கொடி போதும், புள்ளை வேண்டாம்னு நெனைச்சுட்டாரா? கூட இருந்தவங்க வாயால அதைக் கேட்டுட்டா, தூணுக்கு வரதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்குவேன்.” நாற்பத்தெட்டு வயசுப் பெண்பிள்ளை, மூன்று வயசுக் குரலில் கேட்கிறாள். மறுத்தான் என்று சொன்னால், தன்னை வேண்டாமென்றவனின் மகளாக அவள் திரையை விலக்குவாள், அல்லது விலக்காமல் போவாள். கையெழுத்துப் போட்டான் என்று சொன்னால், அந்தத் தாள் எங்கே மாமா என்று கேட்பாள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறதா என்று ஒரு வாரமாகத் தேடுகிறேன். தேடிக்கொண்டே குதிரை ஓட்டுகிறேன்.

குதிரை என் குதிரை இல்லை. ஆட்டத்தில் நான் ஒரு லாயக்காரன், குதிரைச் சாணம் அள்ளுகிறவன். ஏதோ ஒரு குளிர்நாடு, அறுநூறு வருஷத்துக்கு முந்தைய காலம், மரவீடுகள், சேறு, எங்கே பார்த்தாலும் சேறு. வாள் பிடிக்கத் தெரியாது, கொஞ்ச தூரம் ஓடினால் மூச்சு வாங்குகிறது, சாப்பிடாமல் விட்டால் திரை ஓரத்தில் இருட்டுகிறது, நாலு நாள் குளிக்காவிட்டால் ரொட்டி சுடுகிறவள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள், பையில் வைத்த ரொட்டி பூசணம் பிடிக்கிறது. முதல் நாள் சிரித்தேன். இரண்டாம் நாள் இதைச் செய்தவர்களில் ஒருவனாவது ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்தவனாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இங்கே உலகம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நான் உட்கார்ந்திருந்தாலும் ஊர் உழுகிறது, அறுக்கிறது, யாராவது சாகிறார்கள். படுத்துத் தூங்கி எழுந்தால்தான் அதுவரை நடந்தது பதிவாகும், பதிவானபின் அதை அழிக்க முடியாது, வேண்டுமானால் பிறந்ததிலிருந்து தொடங்கு. என் பையில் இப்போது மடத்துத் துறவி கொடுத்த கஷாயம் ஒரு சீசா இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் ஒரு குடிசை. அதில் கரிமூட்டம் போடுகிறவன் ஒருவன் நெஞ்சில் புகை கட்டி இருமிக்கொண்டு கிடக்கிறான். அவன் பெயர் வாயில் நுழையவில்லை, மத்தேயு என்று வைத்துக்கொண்டேன். ஐந்து நாளில் கஷாயம் அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். இடையில் சந்தை. சந்தையில் பிரபுவின் கொடி ஊர்வலமாக வரும், எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் குனிய வேண்டும், குனியாதவனைப் பாலத்தில் காவலன் பிடிப்பான். போன தடவை நான் குனியவில்லை. காவலன் பிடித்தான். திரையில் வழிகள் வந்தன: மண்டியிட்டு மன்னிப்புக் கேள், பத்து நாள் பாதாளச் சிறைக்குப் போ, வாளை உருவு. என் இங்கிலீஷ் துண்டறிக்கை இங்கிலீஷ்தான், ஆனாலும் மன்னிப்பு என்ற சொல்லை நான் எந்தப் பாஷையிலும் அடையாளம் கண்டுகொள்வேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சிறை என்று அழுத்தினேன். வாய்விட்டு வாழ்க கோஷம்கூடப் போட்டேன், அடுப்படியிலிருந்து வால்கா எட்டிப் பார்த்து, “ஏப்பா, டி.வி.கிட்டயுமா?” என்றாள். என் மகள். நான் பார்த்தேயிராத ஒரு ருஷ்ய நதியின் பெயரை வைத்தேன், பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் வாழைக்காய் என்று கூப்பிட்டார்கள்.

பத்து நாள் பத்து நொடியில் போனது. ஒரு சக்கரம் சுற்றியது, சூரியன், நிலா, சூரியன், நிலா. வெளியே வந்து ஓடினேன், எல்லாம் மங்கலாகி மூச்சு வாங்கி நின்று மறுபடி ஓடினேன். குடிசையில் வேறு ஒருவன் மத்தேயுவின் மண்வெட்டியைப் பிடித்திருந்தான். அவ்வளவுதான். இசை வாசிக்கவில்லை, யாரும் அழவில்லை, நீ தவறு செய்தாய் என்று எழுத்து வரவில்லை, கட்டில் வெறும் கட்டிலாக இருந்தது. கஷாயம் என் பையிலேயே இருந்தது, அதைக் குடிப்பதா விற்பதா என்று பெட்டி கேட்டது. நான் டி.வி.யை அணைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். அதற்கு இரண்டாம் நாள்தான் சாந்தாமணி போன் செய்தாள். போனை வைத்த கையோடு ஆட்டத்தைப் பிறப்பிலிருந்து தொடங்கினேன். ஆறு மதியம் ஆகியிருக்கிறது மறுபடி இந்தச் சந்தைக்கு வந்துசேர. இந்த முறை தொப்பியைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் நுழைந்தேன். கொடி வந்தது. கருப்புத் துணியில் மஞ்சள் பன்றி. சுற்றிலும் முண்டாசும் குல்லாயும் இறங்கின, மீன்காரி குனிந்தாள், கொல்லன் குனிந்தான், விரலுக்குக் கீழே பொத்தான் இருந்தது. விரல் போகவில்லை. உடைந்த விரல் என்று வக்கீலிடம் சொல்லலாம். இடது கை நல்ல கைதானே, அதற்கு என்ன வந்தது? கொடி கடந்துபோய்விட்டது. குதிரையை இழுத்துக்கொண்டு பாலத்துக்கு நடக்கிறேன், மழை பிடித்துவிட்டது, கன்ட்ரோலர் இடிக்கு இடி கைக்குள் அதிர்கிறது, அங்கே காவலன் நிற்கிறான் என்று தெரிந்தே நடக்கிறேன்.

எழுபத்தொன்பதில் எங்கள் சிறையில் எல்லா மனுவும் என் வழியாகத்தான் போக வேண்டும். அது நாங்களே போட்ட விதி, நல்ல விதி, இன்றைக்கும் சொல்வேன் நல்ல விதி. தனித்தனியாக அதிகாரியைப் பார்க்க விட்டால் ஒவ்வொருவனாக உருவிவிடுவான், ஆகவே ஒரு பிளாக்குக்கு ஒரு பேச்சாளர், எந்தத் தாளானாலும் அவர் கமிட்டியில் வைத்து, கமிட்டி சொன்னால் மேலே கொடுப்பார். பேச்சாளர் நான். பத்தொன்பதாம் நாள் சாயந்திரம் ஆறுக்குட்டி ஒரு தாளை என்னிடம் நீட்டினான். அவன் பஞ்சு உடைக்கிற அறையில் வேலை செய்தவன், இருபத்தேழு வயசிலேயே நெஞ்சுக்குள் பஞ்சு, இருமினால் தொண்டையிலிருந்து நூல் வரும் என்று தமாஷாகச் சொல்வான். சிறைக் குளிரில் அது வேறு சத்தமாக மாறியிருந்தது. டாக்டரைக் கேட்டோம், வரவில்லை. அதிகாரி சொன்னான், இனி மில் கேட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வீடு. ஆறுக்குட்டி எழுதியிருந்தான். ஐந்து வரி. கோணல் எழுத்து. அந்த எழுத்தைச் சங்க அலுவலகத்தில் இரண்டு வருஷம் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தவன் நான், முதலில் சங்கம் என்று எழுதப் பழக்கினேன். “அண்ணா, இதைக் குடுத்துருண்ணா” என்றான். நான், கமிட்டியில வைக்கிறேன் என்றேன். “எப்பண்ணா வைப்பே?” நாளைக்கு. மறுநாள் கேட்டான். இன்னைக்கு மத்தவங்க மனசு சரியில்லை, நாளைக்கு. அதற்கடுத்த நாள் அவன் கேட்கவில்லை, பார்த்தான். ஒருவன் போனால் பத்துப் பேரும் போவார்கள் என்று எனக்குத் தெரியும், வெளியே மூவாயிரம் பேர் எங்களைப் பார்த்து நிற்கிறார்கள் என்று தெரியும், அதெல்லாம் உண்மை, ஒவ்வொன்றும் உண்மை, அந்த உண்மைகளை அடுக்கி அதன் மேல் ஏறி நின்றுகொண்டு தாளை இடுப்பில் செருகியிருந்தேன். இருபத்து மூன்றாம் நாள் விடியும்போது அவன் சுவரோரம் உட்கார்ந்தபடியே செத்திருந்தான். தாளை நாலாகக் கிழித்து மலச்சட்டியில் போட்டேன். கமிட்டியில் யாருக்கும் தெரியாது. எங்களோடு உள்ளே இருந்த பொங்கியண்ணனுக்குத் தெரியாது. பிறகு அந்த வரியை எழுதினேன். எழுதும்போது அழுதேன், அந்த அழுகை பொய் இல்லை, அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

காவலன் கையை நீட்டி மறித்துவிட்டான். கொடிக்குத் தலைகுனியாத நாய் நீதானே என்கிறான். அதே மூன்று வழி. மழை அவன் இரும்புத் தொப்பியில் விழும் சத்தம்கூடத் தனியாகக் கேட்கிறது. மணி இரண்டே முக்கால். இது பொம்மை. எவனோ கம்ப்யூட்டரில் வரைந்த காவலன், இவனுக்கு வரலாறு கிடையாது, வர்க்கம் கிடையாது, இவன் முன்னால் மண்டியிட்டால் யாருடைய கொடியும் தாழாது. வெளியே மூவாயிரம் பேர் நிற்கவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லை, சோபாவும் நானும். ஆனாலும் விரல் சிறைக்குப் போ என்பதற்கே போகிறது, மாடு தொழுவத்துக்குப் போவதுபோல. எத்தனை தடவை சிறை என்றேன் என் வாழ்க்கையில், எவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கு அது. என்னுடைய தைரியம் என்று ஊர் சொன்னது. அதில் தைரியம் எங்கே இருந்தது? எனக்குச் சிறை பிடிக்கும். அங்கே எனக்குப் பேச்சாளர் என்று ஒரு பதவி இருந்தது, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், வெளியே வந்தால் மாலை. ஆறுக்குட்டிக்கு ஒன்றும் இல்லை, அவனுக்கு வீடு மட்டும்தான் இருந்தது. அவனுடைய தைரியம் அந்தத் தாளை என்னிடம் நீட்டியது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீட்டினானே. அந்தப் பிளாக்கில் அந்த மாதம் நடந்ததிலேயே பெரிய தைரியம் அதுதான், அதைத்தான் நான் இடுப்பில் செருகினேன். காவலன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆட்டத்தில் மற்றவர்கள் பாலத்தைக் கடந்து போகிறார்கள், ஒரு கிழவி வாத்துகளை ஓட்டிக்கொண்டு போகிறாள். இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்து, பிள்ளைக்கு எழுதப் பழக்குவதுபோலப் பிடித்து, மன்னிப்பின் மேல் வைத்து அழுத்தினேன்.

லாயக்காரன் மண்டியிட்டான். சேற்றில் முழங்கால் புதைந்தது. தலையைக் குனிந்தான். நான் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. காவலன் சிரித்துவிட்டு, எழுந்திரு, முழங்காலைத் துடைத்துக்கொள், அடுத்த தடவை உனக்குத் தலை இருக்கிறதா என்று பார்த்து வை என்றான். வழியை விட்டான். நான்கு நொடி. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஆற்றுக்குள் பாலம் இடியவில்லை, கூட வந்த குதிரை திரும்பிப் பார்க்கவில்லை, ஆட்டத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண் எதுவும் குறையவில்லை. காட்டுப்பாதையில் குதிரை தானாகவே ஓடுகிறது. ஈரக் கரியின் புகை மரங்களுக்கு நடுவே தெரிகிறது. குடிசையில் மத்தேயு இருமிக்கொண்டு கிடக்கிறான். சீசாவைக் கொடுத்தேன், குடித்தான், திரும்பிப் படுத்தான். நான் வாசல் மரக்கட்டையில் உட்கார்ந்து நேரத்தை ஓடவிட்டேன், சக்கரம் சுற்றியது, நிலா, சூரியன். விடிந்ததும் மத்தேயு எழுந்து வெளியே வந்தான். மண்வெட்டியை எடுத்தான். மூட்டத்தின் மேல் மண் வாரிப் போட்டான். போகிற போக்கில் என்னைப் பார்த்து, இன்றைக்குக் காற்று சரியில்லை என்றான். அதைத்தான் எல்லோரிடமும் சொல்வான், வேறு வசனம் அவனுக்கு எழுதவில்லை. நன்றி இல்லை. நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. காற்று சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு ஒருவன் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான். அவ்வளவுதான், அவ்வளவேதான் விலை, அவ்வளவேதான் கிடைப்பது. ஆறுக்குட்டியும் இப்படித்தான் எழுந்திருப்பான். கருங்காலி என்று நாங்கள் நாலு மாதம் அவனோடு பேசாமல் இருந்திருப்போம். பிறகு பேசியிருப்போம். இருமிக்கொண்டே பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பான். போராட்டம் எப்படியும் தோற்றதுதானே, அவன் செத்தும் தோற்றது, அவன் போயிருந்தாலும் தோற்றிருக்கும். நான் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. மத்தேயு மண் வாருவதை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. வால்கா எப்போது கதவைத் திறந்து உள்ளே வந்தாள் என்றும் தெரியாது.

“ஏப்பா, சாப்பிடவே இல்லையா? தட்டு மூடினபடி இருக்கு.” என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். “யாரு செத்தா இதுல?”

“யாரும் சாகலை” என்றேன்.

நான்கு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வாசல் மணி அடித்தது. பொங்கியண்ணன் முன்னால் வந்தான், எழுபத்தாறு வயசு, கைத்தடி, பதினொரு பேரில் உயிரோடு இருப்பது அவனும் நானும்தான். பின்னால் சாந்தாமணி. ஆறுக்குட்டியின் நெற்றி அப்படியே இருந்தது. பொங்கியண்ணன் டி.வி.யைப் பார்த்துவிட்டு, “இதென்ன தோழர், சினிமாவா?” என்றான்.

“ஆட்டம். ராஜா காலத்து ஆட்டம்.”

“நீ ராஜாவாக்கும்?”

“குதிரைச் சாணி அள்ளறவன்.”

“அப்ப சரி, கட்சி மாறலை” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். வால்காவும் சிரித்தாள். சாந்தாமணி சிரிக்கவில்லை, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். “கேட்டதுதானுங் மாமா. மறுபடியும் கேக்கோணுமா?”

வேண்டாம் என்று தலையசைத்தேன். வாயைத் திறந்தேன், வந்தது மேடைக் குரல். தோழர்களே என்று தொடங்கப் பார்த்தது நாக்கு. இந்த வாயை நம்ப முடியாது, இது ஒன்றைத் தொட்டால் ஊர்வலமாக்கிவிடும். வால்கா, ஒரு தாள் குடு என்றேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன், விறைத்த விரலுக்கு நடுவில் பேனாவைச் செருகி, நேரமாயிற்று. எழுதும்போதே பயம் சொல்லிக்கொடுத்தது, இந்தத் தாளையும் மடித்து இடுப்பில் செருகிவிட்டு, அப்பன் உன்னை நெனைச்சுட்டேதான் இருந்தாரு சாமி என்று பொதுவாக எதையாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று. அவள் போய்விடுவாள். அதுவும் போதும் என்றுகூட இருப்பாள். நான் அதற்குள் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் நின்றேன் என்று தெரியாது, உட்கார்ந்து படிக்க முடியும் என்று தோன்றவில்லை.

“ஆறுக்குட்டி பத்தொன்பதாம் நாள் தன் கையால் எழுதிக் கொடுத்தது” என்று படித்தேன். “ஐயா, எனக்கு நெஞ்சு முட்டுகிறது. நான் இனி கேட்டுக்கு வரமாட்டேன். என் பாப்பா என் வயிற்றின் மேல் படுத்தால்தான் தூங்கும். இத்தனை நாள் எப்படித் தூங்குகிறதோ தெரியவில்லை. என்னை வீட்டுக்கு விடுங்கள்.”

சாந்தாமணியின் மடியிலிருந்த தம்ளர் சாய்ந்து தண்ணீர் புடவையில் பரவியது. அவள் அதைப் பார்க்கவில்லை. பொங்கியண்ணன் கைத்தடியை ஊன்றி எழப் பார்த்தான். “என்னப்பா படிக்கறே நீ? அப்படியொரு தாளே வரலையே. கமிட்டிக்கு வரலையே!”

“வரலை” என்றேன்.

“இப்ப எதுக்கு இதெல்லாம், தூணுல எழுத்து வெட்டியாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு...”

“நீங்க சும்மா இருங்க மாமா” என்றாள் சாந்தாமணி, அவனைப் பார்க்காமல். “இன்னும் இருக்குது தாள்ல. படிக்கட்டும்.”

“இந்தத் தாள் அதிகாரியிடம் போயிருந்தால் அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான். நான்கு நாள் இது மறைத்து வைக்கப்பட்டது. பிறகு கிழிக்கப்பட்டது.”

அதோடு நின்றுவிட்டேன். நாற்பது வருஷப் பழக்கம், யார் செய்தது என்று இல்லாமல் வாக்கியம் எழுதக் கை தானாகவே கற்றுவைத்திருக்கிறது. வால்கா என் முழங்கையைப் பிடிக்க வந்தவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டாள், அதைப் பார்த்தேன். என் மகள் என் கையிலிருந்து தன் கையை இழுத்துக்கொண்டாள். டி.வி.யில் மத்தேயு மண் வாரிக்கொண்டிருந்தான், யாரோ அதை அணைத்தார்கள்.

“யாரு?” என்றாள் சாந்தாமணி.

“நான்தான் சாமி.”

“நான்னா?” அவள் எழுந்து நின்றாள், என் உயரத்துக்கு வந்தாள். குரல் உயரவில்லை. “எங்கப்பன் பேரை மட்டும் வருஷா வருஷம் மைக்கு வெச்சுச் சொன்னீங்கல்ல? உங்க பேரும் அப்படியே வரோணும். அந்தத் தாள்லயே எழுதுங்க. எழுதி, இவங்க ரெண்டு பேரும் கேக்கப் படிங்க. உங்கப்பன் பேரோட.”

எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டான், வால்கா மூடவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோர்ட்டில் டவாலி கூப்பிடும் குரலில், அதைவிடச் சின்னக் குரலில், படித்தேன்:

“வெள்ளிங்கிரி மகன் கன்னியப்பன்.”